ஆறை அழித்து எழுதிய மூன்று

1997 ஜூன் 27, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். காலை ஒன்பதிலிருந்து விடாத மழை. கல்கத்தா கரியாஹாட்டில் எங்கள் அலுவலக வாசலில் கணுக்கால் வரை தண்ணீர். உள்ளே இருந்த ஐந்து மின்விசிறிகளில் இரண்டுதான் ஓடின. இரண்டும் என் மேசைக்கு மேலே இல்லை. அந்த நேரத்தில், ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் 6 என்று எழுதியிருந்ததை ரப்பரால் அழித்துவிட்டு 3 என்று எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பதினேழு வருடம் இதைச் செய்தவன் நான். சரியாகச் சொன்ன கணிப்புகளை எழுதினால் நாற்பது பக்கம் வரும், நீங்கள் நான்கு பக்கம் படிப்பீர்கள். ஆகவே அந்த ஒரு சீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் மையத்துக்கு மாணவர்கள் மதிப்பெண் பட்டியலோடு வருவார்கள். எளிதில் இடம் கிடைக்காத கல்லூரி ஒன்றின் பெயரைச் சொல்லி, கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்கும் வாய்ப்பு பத்துக்கு எத்தனை என்று நாங்கள் எண்ணால் பதில் சொல்ல வேண்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் முதல் நாளே சொன்னார்: “வந்து உட்கார்றவங்க எண்ணைக் கேக்கல, இன்னைக்கு நிம்மதியாச் சாப்பிடலாமான்னு கேக்கறாங்க. அதுக்குப் பதில் சொல்லாதே. எண்ணை மட்டும் சொல்லு.”

அவர் வைத்த விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு மாணவரையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இருவரும் ஆளுக்கொரு சீட்டில் எண்ணை எழுதி மடித்து, பெற்றோர் முன்னிலையில் ஒன்றாகப் பிரிக்க வேண்டும். வித்தியாசம் மூன்று வரை இருந்தால் சராசரியைச் சொல்லி அனுப்பலாம். மூன்றுக்கு மேல் போனால் பெற்றோர் முன்னாலேயே வாதாடி, யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் பென்சில். வாதத்துக்குப் பிறகு எண்ணை மாற்றலாம். பிரிப்பதற்கு முன் மாற்றக்கூடாது.

1995 வரை தமிழ்க் குடும்பங்கள் என் மேசைக்குத்தான் வரும். மாற்றலாகி வந்த மத்திய அரசு ஊழியர்கள், துறைமுகக்காரர்கள், ராணுவக்காரர்கள். அந்த வருடம் மே மாதம் என்னிடம் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். 1997 மே மாதம் பன்னிரண்டு பேர். விஜயாவிடம் ஐம்பத்துமூன்று.

விஜயா லேக் மார்க்கெட் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவருடைய மகள். கல்கத்தாவிலேயே பிறந்தவள். அலுவலகத்தில் வங்காளிகள் வாயில் அவள் பிஜயாதி, அதாவது விஜயா அக்கா. என்னைவிடப் பத்தொன்பது வயது இளையவள், வேலைக்கு வந்து மூன்று வருடம்தான். அவளிடம் நோட்டுப் புத்தகம் கிடையாது. மாணவரோடு ஊர்க்கதை பேசுவாள், சிரிப்பாள், வங்காளிக் குடும்பம் வந்தால் மீன் விலை விசாரிப்பாள். அப்புறம் ஒரு எண் எழுதுவாள். இரண்டு வருடமாக அவள் எண்கள் என் எண்களை விடச் சற்றே நன்றாகப் பொருந்தின. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு நான்கு அதிகம். அதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் மேசைக்கு முறுக்கு டப்பாக்கள் வரும். ஆனிமாதம் மட்டும் ஏழு டப்பா எண்ணினேன். ஒவ்வொன்றையும் முதலில் என்னிடம் நீட்டி, “எடுத்துக்கோங்க சார்” என்பாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை சண்முகம் என்பவர் தன் மகள் கோமதியை அழைத்து வந்தார். திருநெல்வேலிக்காரர், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. சால்ட் லேக்கில் அரசுக் குடியிருப்பு. ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்திருந்தது. ஜூலை 7 அங்கே சேர வேண்டும்.

“சார், பிள்ளைக்கு இங்க காலேஜ்ல இடம் கெடச்சா, படிப்பைக் காரணம் காட்டி குவார்ட்டர்ஸை வச்சுக்கிடலாம். அவளும் அவ அம்மாவும் இங்க இருப்பாங்க. திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணும். லிஸ்ட்டு ரெண்டாந்தேதிதான் வருதாம். அதுக்குத்தான் உங்கட்ட வந்தேன். நீங்க சொல்லுதபடி செஞ்சிருதேன்.”

“கெடைக்காட்டி?”

“அங்க ஒரு காலேஜ்ல பேசி வச்சிருக்கேன். சாதா காலேஜ்தான். எல்லாரும் கெளம்பிருவோம்.”

“எனக்கு அந்தக் காலேஜ் வேண்டாம்ப்பா” என்றாள் கோமதி.

“உனக்கு வேண்டாம்னா? இங்க சீட்டு உங்க தாத்தாவா வச்சிருக்காரு?”

அவள் கேட்டது வடக்குப் பக்கத்துப் பழைய கல்லூரி ஒன்றில் புள்ளியியல். பெயர் வேண்டாம். முப்பத்தெட்டு இடங்கள். நுழைவுத் தேர்வு எழுதிவிட்டாள்.

விண்ணப்பம் விற்கத் தொடங்கிய முதல் மணி நேரத்தில் ஒரு படிவம், கடைசி மணி நேரத்தில் ஒரு படிவம் என்று ஒவ்வொரு வருடமும் நானே வரிசையில் நின்று இரண்டு வாங்குவேன். இரண்டின் வரிசை எண்ணையும் கழித்தால் போட்டியாளர்கள் எத்தனை என்று தெரிந்துவிடும். முப்பத்தெட்டு இடத்தை நிரப்ப எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள் என்பதும் ஆறு வருடமாக என் நோட்டில் இருந்தது. பொறியியல் கிடைத்தவர்கள் விலகிப் போவதால் பட்டியல் நகரும். குறைந்தது நாற்பத்தேழு, அதிகம் எழுபத்தொன்று, சராசரி அறுபது. கோமதி சொன்ன விடைகளை வைத்துப் பார்த்தால் அவள் தரவரிசையில் ஐம்பத்தைந்திலிருந்து அறுபதுக்குள் வருவாள். ஆறு என்று எழுதினேன். அந்த ஆறு நேர்மையான ஆறு.

அடுத்த மேசையில் விஜயா அவளோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு கணக்கு விட்டுட்டேன்னு சொன்னியே, சுத்தமா விட்டுட்டியா?”

“பாதி போட்டேன்க்கா. முடிக்கல.”

“ஆரே! பாதி போட்டதை விட்டதுன்னா சொல்லுவே? இப்ப போட்டுக் காட்டு பாப்போம். பயப்படாதே, நான் மார்க் போடப் போறதில்ல.”

அந்தப் பெண் குனிந்து எழுதினாள். விஜயா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “இதுக்குப் பாதி மார்க்காவது போடாம இருக்க அவங்க என்ன கஞ்சூஸா?” பிறகு தன் சீட்டை எடுத்தாள். பென்சில் மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று போவதைப் பார்த்தேன். எட்டு.

அந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பயந்த பிள்ளைகள் தங்கள் மதிப்பெண்ணைக் குறைத்துத்தான் சொல்லும். ஆறு வருடக் கணக்கு வைத்திருந்த எனக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை.

எட்டுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் இரண்டு. வாதம் இருக்காது. சராசரி ஏழு என்று சொல்லி அனுப்புவோம். அந்த மனிதர் விஜயாவைப் பார்த்துத்தான் கும்பிடுவார். அடுத்த வாரம் எட்டாவது முறுக்கு டப்பா வரும். ஆனால் வாதம் என்று வந்தால் நான் தோற்றதே இல்லை. என்னிடம் நோட்டு இருந்தது, அவளிடம் இல்லை. வாதம் வர வேண்டுமானால் நான் நான்கோ அதற்குக் கீழோ எழுத வேண்டும். மூன்று எழுதினேன்.

சீட்டுகளைப் பிரித்தோம். சண்முகம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன சார், ஒருத்தர் மூணுங்கீங்க, ஒருத்தர் எட்டுங்கீங்க. தங்கம் வெலகூட கடைக்குக் கடை இவ்வளவு மாறாதே?”

நோட்டைத் திறந்தேன். ஆறு வருடத்தில் ஒரு வருடத்தை மட்டும் காட்டினேன். “பாருங்க, நாப்பத்தேழு பேரோட நின்னுடுச்சு. உங்க பொண்ணு ஐம்பத்தஞ்சுக்கு மேல. இந்த வருஷம் பொறியியல் முடிவும் தாமதமாகுதுன்னு சொல்றாங்க. சேர்ந்தவன் சீக்கிரம் எழுந்து போகமாட்டான்.”

நான் ஒரு பொய்யான எண்கூடச் சொல்லவில்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நோட்டில் ஐந்து வரிகளை என் உள்ளங்கை மறைத்திருந்தது.

விஜயா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் நோட்டைப் பார்த்தாள், என் மேசையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். “சார் சொன்னா காரணம் இருக்கும்” என்று சொல்லித் தன் எட்டை அழித்தாள்.

கோமதி அழவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் படியிறங்கினாள். அன்று மாலை ஜெயித்த நிம்மதியில் இரண்டு தேநீர் குடித்தேன். வழக்கமாக ஒன்றுதான்.

முதல் பட்டியல் ஜூலை 2 வந்தது. முப்பத்தெட்டுப் பேர். கோமதி இல்லை. இரண்டாவது 8ஆம் தேதி, பதினொரு பேர். இல்லை. அதற்குள் அந்தக் குடும்பம் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு ஹைதராபாத் போய்விட்டது. பட்டியல்கள் கல்லூரி வாசலில் ஒட்டப்படும். அவற்றைப் பார்த்து வருவது என் வேலை. இரண்டு முறையும், “சார், அந்தப் பொண்ணு?” என்று விஜயா கேட்டாள். இல்லை என்று சொல்வதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே குறைத்து எழுத விரும்பவில்லை.

மூன்றாவது பட்டியல் ஜூலை 14, திங்கட்கிழமை. பதினொன்று பத்துக்குப் பலகை முன் நின்றேன். ஒன்பது எண்கள். ஏழாவது எண் கோமதியுடையது. கீழே, புதன்கிழமை பிற்பகல் ஒரு மணிக்குள் நேரில் வந்து சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று எழுதியிருந்தது.

விரலால் எண்ணினேன். முப்பத்தெட்டு, பதினொன்று, ஏழு. அவள் ஐம்பத்தாறாவது ஆள். ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் என்று நான் போட்ட கணக்கு அப்படியே நின்றது. அழிக்காமல் விட்டிருந்தால் என் ஆறும் சரிதான். ஆனால் என் ஆறு இப்போது எங்கும் இல்லை. வெளியே தெரிந்தது என் மூன்றும் அவள் எட்டும்தான்.

சண்முகத்தின் அலுவலகத் தொலைபேசி எண் என் சட்டைப் பையில் இருந்தது. எதிரிலேயே எஸ்.டி.டி. பூத். நான் டிராமில் ஏறி உட்கார்ந்தேன். புதன்கிழமை ஒரு மணிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, சாயங்காலம் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள், இதை எப்படிச் சொன்னால் விஜயாவின் எட்டு பெரிதாகத் தெரியாது என்று யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. எதிர்பாராமல் நிறையப் பேர் விலகினார்கள் என்று சொல்லலாம். இந்த வருடம் விதிவிலக்கு என்று சொல்லலாம். டிராம் பதினாறு நிறுத்தம் போனது. நான்கு காரணம் தயார் செய்தேன்.

அலுவலகத்தில் விஜயாவின் மேசை முன் ஆறு பேர் காத்திருந்தார்கள். என் மேசை முன் யாருமில்லை. அவள் அவர்களுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டாள்: “சார், மூணாவது லிஸ்ட்?”

“இன்னும் ஒட்டலை” என்றேன்.

தயார் செய்த நான்கு காரணங்களில் ஒன்றுகூட இதுவல்ல. இது தானாக வந்தது.

பிற்பகல் முழுவதும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளிடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினேன். பதினாலு. என்னிடம் ஒருவர் வந்தார், தபால்காரர். ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்தது. விஜயா பையை எடுத்துக்கொண்டு, “நாளைக்கு லிஸ்ட் பாக்க நானே போறேன் சார். எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கு” என்றாள்.

அப்போதுதான் எனக்கு ரயில் ஞாபகம் வந்தது. ஹைதராபாத்திலிருந்து வண்டி மாலை நான்கு மணிக்கு என்று சண்முகமே சொல்லியிருந்தார். இருபத்தெட்டு மணி நேரப் பயணம். இன்றைய நான்கு மணி வண்டி போய்விட்டது. நாளை நான்கு மணி வண்டியில் ஏறினால் புதன் இரவு எட்டு மணிக்குத்தான் ஹௌராவில் இறங்குவார்கள். படிவம், ஆள், நிறுத்தம், முறுக்கு டப்பா எல்லாவற்றையும் எண்ணிய நான் இந்த இருபத்தெட்டை மட்டும் எண்ணவில்லை. மனம் திருந்தித்தான் வாயைத் திறந்தேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். கழித்தல் கணக்கு பொருந்தவில்லை, அதனால் திறந்தேன்.

“விஜயா, லிஸ்ட் ஒட்டிட்டாங்க. அந்தப் பொண்ணு வந்திருக்கு.”

அவள் முகம் மலர்ந்தது. “வந்துட்டாளா! தாருண்! பிரமாதம்! எப்ப பாத்தீங்க?”

“காலையில. பதினொண்ணு பத்துக்கு.”

மணி ஐந்து இருபது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பையைத் திரும்ப மேசைமேல் வைத்தாள்.

“அன்னைக்கு உங்க மேசையில ரப்பர்த் தூள் கெடந்துது சார். பாத்தேன்.”

“தெரிஞ்சுதான் விட்டுக்குடுத்தியா?”

“நீங்க முதல்ல எழுதின எண்ணைத் திரும்ப சரி பாத்துட்டு மாத்துறீங்கன்னு நெனச்சேன். நான் எழுதுறது பாதி குத்துமதிப்பு. நீங்க வரிசையில நின்னு படிவம் வாங்கறவர். உங்க கணக்குல ஏதோ புதுசா தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலைன்னு நெனச்சேன்.” பிறகு, “இல்லியா?” என்றாள்.

“இல்லை.”

இரண்டு வருடம் எந்த மேசையைப் பார்த்து நான் வயிறெரிந்தேனோ, அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு அவள் என் நோட்டைப் பார்த்து மலைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. “போன் நம்பர் இருக்கா? ஆபீஸ் மூடறதுக்குள்ள போடுங்க. அழறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். நான் அழவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து முப்பத்தைந்துக்கு சண்முகம் கிடைத்தார். செய்தியைச் சொன்னதும் மூன்று முறை “நெசமாவா?” என்றார். நான்காவதாக, “ரயிலு போயிட்டே சார்” என்றார்.

“விமானத்துல வாங்க. டிக்கெட் நாங்க போட்டுடறோம்” என்று என் காதுக்குப் பக்கத்திலிருந்து விஜயா சத்தம் போட்டாள்.

இங்கே பணம் கட்டினால் அங்கே டிக்கெட் கொடுக்கும் வசதி இருந்தது. விமான அலுவலகம் ஏழரை வரை. என் பணம் வங்கியில் இருந்தது, வங்கி இரண்டு மணிக்கே மூடியாகிவிட்டது. விஜயா டாக்ஸியை லேக் மார்க்கெட்டுக்கு விடச் சொன்னாள்.

அவளுடைய அப்பா கல்லாவில் உட்கார்ந்து ஒரு அம்மாவுக்குத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். விஜயா காதோடு ஏதோ சொன்னாள். அவர் தராசை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்கதான் அந்த நோட்டு சாரா? வீட்ல எந்நேரமும் உங்க பேச்சுதான். ‘சார் மாதிரி கணக்கு வையிப்பா, சார் மாதிரி எழுதி வையிப்பா’ன்னு என் உயிரை எடுக்கா. நானும் ஒரு நோட்டு வாங்கினேன். மூணு நாள் எழுதினேன்.” கல்லாவைத் திறந்து பத்து, ஐம்பது, நூறு என்று நோட்டுகளை அடுக்கினார். “எண்ணிக்கிடுங்க சார். நீங்க எண்ணினா தப்பாதுன்னு இவ சொல்லுவா.”

பெருங்காய வாசனை அடித்த அந்தக் கட்டை எண்ணினேன். இரண்டு முறை தப்பியது. மறுநாள் காலை வங்கி திறந்ததும் அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை விமானத்தில் இடமில்லை. புதன் காலை இரண்டு இடம் கிடைத்தது. கல்கத்தாவில் பத்தே காலுக்கு இறங்க வேண்டியது, மழையால் பதினொன்று இருபதுக்கு இறங்கியது. நான் டம்டம் விமான நிலையத்தில் டாக்ஸியோடு நின்றேன், விஜயா கல்லூரி வாசலில் நின்றாள். வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர். டாக்ஸிக்காரர், “தாதா, இது டாக்ஸி, படகில்லை” என்று வங்காளத்தில் அலுத்துக்கொண்டார். கோமதி பின்னால் சான்றிதழ் உறையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலத்தருகே வண்டி நின்றபோது முதல் முறையாக என்னிடம் பேசினாள்.

“சார், நீங்க மூணுன்னுதானே சொன்னீங்க?”

“ஆமா.”

“அப்ப மூணுலயும் கெடைக்குமா?”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். விஜயா கதவைத் திறந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருவரும் ரசீதோடு வெளியே வந்தார்கள். கோமதி ரசீதை அப்பாவிடம் காட்டிவிட்டு விஜயாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்குக் காட்டவில்லை. சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

“இவ தங்கறதுக்கு என்ன பண்ணுதது?” என்றார் சண்முகம். “குவார்ட்டர்ஸ் போச்சே.”

“எங்க வீட்டு மாடி சும்மாத்தான் கெடக்கு. நானும் அவரும் மட்டுந்தான்” என்றாள் விஜயா. “உளுந்து மூட்டை ரெண்டு இருக்கு, அதைத் தள்ளிட்டா போதும்.” வாடகை பற்றி சண்முகம் பேசப் போனார். அவள் கையை ஆட்டி நிறுத்திவிட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

“இதையாவது நீங்க வாங்கிக்கிடணும் சார். டிக்கெட் காசு. கெடைக்காதுன்னு சொன்ன பொறவும் எங்களுக்காகப் போய் லிஸ்ட்டு பாத்து, போன் போட்டு, ஏரோப்ளேன்ல வரவச்சு… இந்த ஊர்ல யாரு சார் இப்படிச் செய்வா? சொந்தக்காரன் செய்வானா?”

நான் விஜயாவைப் பார்த்தேன். அவள் குடையைச் சுருக்குவதில் மும்முரமாக இருந்தாள். அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது தெரிந்தது. சொல்லவும் மாட்டாள். கவர் என் கைக்கு அரை அடி தூரத்தில் இருந்தது. இரண்டு வருடத்தில் ஒரு பெற்றோர் அவளை விட்டு என்னைப் பார்த்து நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. வாங்காமல் பெருந்தன்மையாக மறுத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படி ஒரு கவர் ஒரு நாள் நீளும். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

“சண்முகம், நான் அன்னைக்கு முதல்ல ஆறுன்னுதான் எழுதினேன். இவ எட்டு எழுதினதைப் பார்த்துட்டு, இவ பேச்சு எடுபடக் கூடாதுன்னு அழிச்சு மூணாக்கினேன். நோட்டுல உங்களுக்கு ஒரு வரிதான் காட்டினேன். திங்கக்கிழமை பதினொண்ணு பத்துக்கே உங்க பொண்ணு நம்பரைப் பார்த்தேன். சாயங்காலம் வரைக்கும் சொல்லலை.”

அவர் கவரை நீட்டியபடியே நின்றார்.

“எதுக்கு சொல்லல?”

“இவ சரின்னு ஆயிடும்னு.”

பின்னால் யாரோ இரண்டு பையன்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். சண்முகம் ஒதுங்கி வழிவிட்டார்.

“ஆறுன்னு சொல்லியிருந்தா நான் குவார்ட்டர்ஸை விட்டிருக்க மாட்டேன் சார்.”

“தெரியும்.”

“காலைல சொல்லியிருந்தா ரயில்லயே வந்திருப்போம்.”

“தெரியும்.”

அவர் கவரை மடித்து, திரும்பவும் சட்டைப் பையில் வைத்தார். பொத்தானைப் போட்டார்.

“அப்ப டிக்கெட்டை நீங்களே குடுத்ததா இருக்கட்டும். அதான் சரி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பிரிவுக்காரர் ஒரு செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தீர்மானித்த மாதிரி சொன்னார். பிறகு மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விஜயாவின் பின்னால் நடந்தார்.

கோமதி மூன்று வருடம் அந்த மாடியில் இருந்தாள். அந்த மூன்று வருடத்தில் எங்கள் அலுவலகத்துக்கு எழுபத்திரண்டு முறை வந்தாள். என் மேசைக்கு இரண்டு முறை வந்தாள், இரண்டு தடவையும் விஜயா இல்லாத நாள். அதற்காக எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. பொறாமையும் உண்டு. அது வயதோடு போகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எழுதிய எண்ணை மட்டும் அதன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அந்த ஜூலையிலேயே, அடுத்த வாரத்திலிருந்து நான் சீட்டில் பேனாவால் எழுதத் தொடங்கினேன்.

பதினொன்று பத்திலிருந்து ஐந்து இருபது வரை ஆறு மணி பத்து நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு ஆன செலவு: விமானச் சீட்டு இரண்டு, ஒன்று நாலாயிரத்து நூற்றெண்பது வீதம் எட்டாயிரத்து முந்நூற்று அறுபது; ஹைதராபாத்துக்குத் தொலைபேசி மூன்று முறை, இருநூற்றுப் பதினாலு; திங்கட்கிழமை மாலை டாக்ஸி முப்பத்தெட்டு; டம்டம்மிலிருந்து கல்லூரி வரை டாக்ஸி நூற்று முப்பத்தைந்து. மொத்தம் எட்டாயிரத்து எழுநூற்று நாற்பத்தேழு ரூபாய்.